அரசுப் பல்கலைக்கழகங்களின் கல்வித் தரம்: எந்த நூல்களிலிருந்து தொடங்குவது?

பொருநை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்து அரசு கலைக்கல்லூரி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக வரலாறு கற்பித்து வருகிறேன். எங்கள் கல்லூரியிலும் பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலும் பணியாற்றும் ஆசிரியர்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நூலைப் படித்து விவாதிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். எங்களில் மூவர் கௌரவ விரிவுரையாளர்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் தரும் கல்வியின் தரம் என்பதே நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற பருவத் தேர்வுக்குப் பின் விடைத்தாள் மதிப்பீட்டு முகாமில் இருந்தேன். காலையில் ஒரு கட்டு, மதிய உணவுக்குப் பின் ஒரு கட்டு. ரயத்துவாரி முறையைப் (ஆங்கிலேயர் ஆட்சியில் இடைத்தரகரின்றி உழவரிடமே நிலவரி வாங்கிய முறை) பற்றிய பத்து மதிப்பெண் வினாவுக்கு அடுத்தடுத்துப் பதினொரு தாள்களில் ஒரே விடை இருந்தது. எல்லாம் ஒரே கைடிலிருந்து வந்தவை; அந்தக் கைடில் ஆண்டு ஒன்று தவறாக அச்சாகியிருந்தது போலும், பதினொரு தாள்களிலும் அதே தவறான ஆண்டு இருந்தது. பன்னிரண்டாவது தாளை எழுதியவர், தம் தாத்தாவின் பெட்டியில் இருந்த பழைய பட்டாவைப் பற்றி எழுதி, அதில் ஏன் தாத்தாவின் பெயர் மட்டும் இருக்கிறது, ஜமீன்தார் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு, அங்கிருந்து அந்த முறையை விளக்க முயன்றிருந்தார். வாக்கியங்கள் தடுமாறின, இரண்டு இடங்களில் கருத்தும் தடுமாறியது. விடைக்குறிப்பின்படி பதினொரு பேருக்கும் ஏழு மதிப்பெண்ணும் இவருக்கு நான்கும்தான் போட முடிந்தது. தாளின் ஓரத்தில் அவருக்கு இரண்டு வரி எழுத வேண்டும் என்று கை பரபரத்தது. எழுதினாலும் அது அவரிடம் போய்ச் சேராது. தாள் கட்டுக்குள் போய்விடும். அவருக்குப் போவது மதிப்பெண் மட்டுமே.

தரம் என்ற பெயரில் இதுவரை நாங்கள் படித்தவை தரவரிசைப் பட்டியல்களும், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று வழங்கும் நாக் குழுவின் வருகைக்காக நாங்களே இரவு பகலாக உட்கார்ந்து தயாரித்த அறிக்கைகளும்தான். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் நூற்றுக்கு 30 ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த முப்பதுக்குள் போய்ப் பார்த்தால் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் மாணவர் விகிதம், முனைவர் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், செலவிட்ட தொகை எவ்வளவு என்பவை எண்ணப்படுகின்றன. அந்தப் பன்னிரண்டாவது தாளுக்கு அங்கே இடமில்லை.

மாணவர் உண்மையில் என்ன கற்கிறார் என்பதைப் பார்க்கும் நூல்கள் எவை? பிற நாட்டு நூல்களானாலும் சொல்லுங்கள். நம் நிலைமைக்கு எந்த அளவு பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேலைக்கரை

பொருநை ஐயா அவர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத் தருகிறேன். தாங்கள் சொன்ன பன்னிரண்டாவது தாளைப் படித்ததும் நினைவுக்கு வந்தது, ரிச்சர்ட் ஆரம், ஜோசிபா ராக்ஸா என்னும் இரு சமூகவியலாளர்கள் எழுதி 2011இல் வெளிவந்த 'அகடமிக்கலி அட்ரிஃப்ட்' என்ற நூல். அரசு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் கலந்த 24 இடங்களில் 2,300க்கும் மேற்பட்ட மாணவர்களை, 2005இல் சேர்ந்தவுடன் ஒருமுறையும் 2007இல் இரண்டாம் ஆண்டு முடியும்போது மறுமுறையும் சோதித்துப் பார்த்து எழுதியது.

அந்தச் சோதனையில் மனப்பாடத்துக்கு இடமே இல்லை. ஒரு நிறுவனம் சிறிய விமானம் ஒன்றை வாங்க நினைக்கிறது. அந்த நேரத்தில் அதே வகை விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகிறது. செய்தித்தாள் துணுக்கு, விபத்து அறிக்கை, மின்னஞ்சல்கள், சில வரைபடங்கள் எல்லாவற்றையும் மாணவர் முன் வைத்து, வாங்கலாமா கூடாதா என்று காரணங்களோடு 90 நிமிடங்களில் எழுதச் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்புக்குப் பின்னும் 45 விழுக்காட்டு மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை என்பதே நூலைப் பரபரப்பாக்கிய முடிவு.

எனக்கு அந்த 45ஐக் காட்டிலும் முக்கியமாகப்பட்டவை அதே நூலில் உள்ள வேறு இரண்டு செய்திகள். முந்தைய பருவத்தில் இருபது பக்கங்களுக்கு மேல் எழுத வைத்த பாடம் ஒன்றைக்கூடத் தாங்கள் எடுக்கவில்லை என்று பாதி மாணவர்கள் சொன்னார்கள். வாரத்துக்கு நாற்பது பக்கங்களுக்கு மேல் படிக்க வைத்த பாடம் ஒன்றுகூட இல்லை என்று மூன்றில் ஒரு பங்கினர் சொன்னார்கள். நிறையப் படிக்கவும் எழுதவும் வைக்கப்பட்ட மாணவர்களே முன்னேறியிருந்தார்கள்.

ஆசிரியர்கள் ஏன் எழுத வைப்பதில்லை என்ற கேள்விக்கு இரண்டு நூல்கள் இரண்டு விதமாக விடை சொல்கின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக 1958 முதல் 1967 வரை இருந்த கிளார்க் கெர், ஹார்வர்டில் 1963இல் ஆற்றிய உரைகளை 'தி யூசஸ் ஆஃப் தி யூனிவர்சிட்டி' என்று நூலாக்கினார். சிறந்த ஆய்வாளர்களைச் சேர்க்கச் சேர்க்க இளங்கலை மாணவர்மேல் பல்கலைக்கழகத்துக்கு உள்ள அக்கறை குறைந்துபோவதை அவரே கொடிய முரண் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், மற்ற எல்லோருக்கும் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரிகள் என்று வகுத்த 1960ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்தில் முன்நின்றவர் அவர். அந்த மனிதரின் வாயிலிருந்து இது வருவதால்தான் அதற்கு எடை அதிகம்.

இரண்டாவது, கிறிஸ்டோபர் நியூஃபீல்டு 2016இல் எழுதிய 'தி கிரேட் மிஸ்டேக்'. அரசு தன் பங்கைக் குறைப்பதும், பல்கலைக்கழகம் கட்டணத்தை ஏற்றுவதும், கட்டணத்தைத்தான் ஏற்றிக்கொள்கிறார்களே என்று அரசு மேலும் குறைப்பதும் எப்படி ஒரு சுழலாக மாறுகின்றன என்று படிப்படியாகக் காட்டுகிறார். வெளியிலிருந்து வரும் ஆய்வு நிதி பல்கலைக்கழகத்தை வாழவைக்கிறது என்ற நம்பிக்கையையும் கணக்குப் போட்டு மறுக்கிறார். அந்த நிதி ஆய்வின் முழுச் செலவையும் ஈடுகட்டுவதில்லை, மிச்சத்தைப் பல்கலைக்கழகம்தான் போட வேண்டியிருக்கிறது.

இந்த நிதிக் கணக்கு என் மேசைக்கு வந்து சேரும் விதத்தையும் சொல்கிறேன். ஒரு வகுப்பில் 22 மாணவர்கள் இருந்தபோது ஒவ்வொரு கட்டுரையையும் இருமுறை திருத்தித் திருப்பிக் கொடுப்பேன். அதைப் பார்த்து அவர்கள் மீண்டும் எழுதுவார்கள். எண்ணிக்கை 38 ஆன ஆண்டிலிருந்து ஒருமுறைதான் முடிகிறது. பட்டியல்களில் எங்கள் இடம் அந்த ஆண்டு மாறவில்லை. என் மாணவர்கள் எழுதிய பக்கங்கள் பாதியாகிவிட்டன.

ஏட்டுச்சுவடி

இருவருக்கும் வணக்கம். பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அமெரிக்க நூல்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொருநை அவர்களின் கட்டுக்குள் போன விடைத்தாளுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இங்கேயே இருக்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் கூடும் அவையில் அதை முதலில் படிப்பதே முறை என்று கருதுகிறேன்.

இந்தியக் கல்விக் கொள்கையை வகுத்த 1854ஆம் ஆண்டு வுட் அறிக்கையைத் தொடர்ந்து 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் தோன்றியபோது, அன்றைய லண்டன் பல்கலைக்கழகமே அவற்றுக்கு முன்மாதிரி. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை என்று அப்போதே பிரித்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் தாமும் கற்பிக்கலாம் என்பதற்கு 1904ஆம் ஆண்டுச் சட்டம்தான் தெளிவாக வழி செய்தது. கற்பித்தவர் ஒருவர், வினா எடுப்பவர் இன்னொருவர், திருத்துபவர் மூன்றாமவர் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்தால் விளங்கிவிடும். இணைவுக் கல்லூரி என்ற முறையையே நாம் இயற்கை நியதி போல எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நான் பரிந்துரைப்பது, மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917 முதல் 1919 வரை இயங்கிய கல்கத்தா பல்கலைக்கழக ஆணையத்தின் அறிக்கை. பதின்மூன்று தொகுதிகள் என்றதும் அஞ்ச வேண்டாம். அவற்றில் பல, ஆணையம் அனுப்பிய வினாக்களுக்கு ஆசிரியர்களும் பிறரும் எழுதி அனுப்பிய விடைகள். சொல்லச் சொல்லக் குறிப்பெழுதிக் கொள்ளும் வகுப்பு, தேர்வில் வராததைப் படிக்க மறுக்கும் மாணவர், நூலகத்தை எட்டிப் பார்க்காத கல்லூரி என்று அன்றைய ஆசிரியர்கள் எழுதியவற்றில் ஆண்டை மறைத்துவிட்டால் நம் ஆசிரியர் அறையில் நேற்றுப் பேசியது போல இருக்கும். 1987இல் ஓர் ஆய்வு மாணவி கேட்டதால் எங்கள் நூலகத்தில் இருந்த தொகுதிகளை அடுக்கிலிருந்து இறக்கினேன். சாட்சியத் தொகுதி ஒன்றில் பக்க ஓரங்கள் வெட்டப்படாமல் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டியிருந்தன. அறுபத்தெட்டு ஆண்டுகளாக அதை ஒருவரும் திறந்திருக்கவில்லை. பேனாக்கத்தியால் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடுத்தேன்.

அடுத்தது, 1948இல் அமைக்கப்பட்டு மறு ஆண்டு அறிக்கை அளித்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், அதாவது ராதாகிருஷ்ணன் ஆணையம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அதில் ஓர் உறுப்பினர். பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைத்தான் சொல்லலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை ஐயமின்றிக் கூறுகிறது. ஒவ்வொரு பாடத்திலும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை வகுப்பில் செய்யும் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இன்று இன்டர்னல் மார்க் என்று நாம் அழைப்பதன் மூதாதை அதுதான். அது என்ன ஆகிப்போனது என்பதை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக, நாட்டின் கல்வி முழுவதையும் ஆராய்ந்து 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி ஆணையத்தின் செயலாளராக இருந்த ஜே.பி. நாயக் எழுதிய இரு நூல்கள். 1975இல் வந்த 'ஈக்குவாலிட்டி, குவாலிட்டி அண்ட் குவான்டிட்டி', சமத்துவம், தரம், எண்ணிக்கை மூன்றையும் கைக்கு எட்டாத ஒரு முக்கோணமாகப் பார்க்கிறது. 1982இல் வந்த 'தி எஜுகேஷன் கமிஷன் அண்ட் ஆஃப்டர்', தாமே உழைத்து உருவாக்கிய 1966ஆம் ஆண்டு அறிக்கை நடைமுறையில் எங்கெங்கே தோற்றது என்று நேர்மையாக ஆராய்கிறது. தம் கையால் செய்ததை இப்படி எடைபோட்ட கல்வி நிர்வாகி இன்னொருவரை நான் படித்ததில்லை. ஆந்திரே பெத்தேய் 2010இல் வெளியிட்ட 'யூனிவர்சிட்டீஸ் அட் தி கிராஸ்ரோட்ஸ்' கட்டுரைத் தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரையும் உள்ளே அனுமதிப்பது, அறிவுத் தகுதியில் கறாராக இருப்பது என்ற இரண்டு பொறுப்புகளையும் ஒரே நிறுவனம் எப்படிச் சுமப்பது என்பதே அதன் மையக் கேள்வி.

ஆணைய அறிக்கைகள் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதல் பட்டம்

மதிப்பிற்குரிய பொருநை ஐயாவுக்கு, தாங்கள் பன்னிரண்டாவது தாளைப் பற்றி எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனால் நான் அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி. அவர்களுக்காகவும் சில சொற்கள் எழுத அனுமதியுங்கள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு அரசுக் கல்லூரியில் ஆங்கிலவழிப் புள்ளியியலில் சேர்ந்தேன். பரிந்துரைக்கப்பட்ட பாடநூலில் நூலகத்தில் ஒரே ஒரு படிதான் இருந்தது. அதுவும் ஆசிரியர் அறையில் இருந்தது. கைடு அறுபது ரூபாய்க்குப் பேருந்து நிலையக் கடையில் கிடைத்தது. ஓர் அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போக வேண்டும் என்பது வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. அந்த நிலையில் சொந்தமாக யோசித்து எழுதுவது நான்கு மதிப்பெண் தரும், கைடு ஏழு தரும் என்பதை முதல் பருவத்திலேயே நான் புரிந்துகொண்டேன். என் கண்ணுக்கு அது அன்றைக்கு அறிவுள்ள முடிவாகவே பட்டது.

தரம் குறைந்துவிட்டது என்ற பேச்சு, புதிதாக ஒரு கூட்டம் கல்லூரி வாசலுக்கு வந்து நிற்கும்போதெல்லாம் உரக்கக் கேட்கிறது. நூல்களைப் படிக்கும்போது, யார் உள்ளே வந்தபின் தரம் குறைந்ததாக இந்த ஆசிரியர் சொல்கிறார் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். பெத்தேய் மதிக்கத்தக்க அறிஞர். ஆனால் மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு வழங்கும் முடிவை ஏற்காமல் 2006இல் தேசிய அறிவுசார் ஆணையத்திலிருந்து விலகியவர் என்பதையும் தெரிந்துகொண்டு அவருடைய நூலைப் படிப்பது நல்லது.

மேலைக்கரை அவர்கள் சொன்ன 45 விழுக்காட்டைப் பற்றியும் ஒரு புள்ளியியல் குறிப்பு. ஒரு மாணவரின் முன்னேற்றம் புள்ளியியல் முறைப்படி உறுதியாகவில்லை என்பதற்கு அவர் எதையும் கற்கவில்லை என்பது பொருளாகாது. நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே அலெக்சாண்டர் ஆஸ்டின் என்ற மூத்த கல்வி ஆய்வாளர் இந்தக் குறையைச் சுட்டி எழுதினார். நீளமாக எழுத வைத்தவர்களிடம் படித்த மாணவர்கள் தேறினார்கள் என்ற பகுதியை நானும் ஏற்கிறேன்.

என் பங்குக்கு ஒரு நூலைச் சொல்கிறேன். வில்லியம் போவென், மேத்யூ சிங்கோஸ், மைக்கேல் மெக்ஃபெர்சன் மூவரும் 2009இல் எழுதிய 'கிராசிங் தி ஃபினிஷ் லைன்'. முன்னணியில் உள்ள 21 அரசுப் பல்கலைக்கழகங்களிலும் நான்கு மாநிலங்களின் பொதுக் கல்லூரி அமைப்புகளிலும் 1999இல் சேர்ந்த மாணவர்களில் யார் பட்டம் பெற்றார், யார் பாதியில் நின்றார் என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். பட்டப்படிப்பை முடிப்பார்களா என்பதை எஸ்.ஏ.டி. என்னும் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வைவிடப் பள்ளி மதிப்பெண்ணே நன்றாகக் காட்டுகிறது என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வை 2007இல் விலக்கிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை அடிப்படையாகக் கொண்டபோது எழுந்த வாதங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த அத்தியாயம் மிகவும் பயன்படும். அதைவிட முக்கியமானது இன்னொன்று: தகுதியிருந்தும் அதற்குக் கீழான கல்லூரியில் சேரும் ஏழை மாணவர்கள், அதே தகுதியோடு நல்ல கல்லூரியில் சேர்ந்தவர்களைவிடக் குறைவாகவே படிப்பை முடிக்கிறார்கள். தரம் உயர்ந்த இடத்தில் ஏழைப் பிள்ளை திணறும் என்று அக்கறையோடு சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

பொருநை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சகோதரி 'முதல் பட்டம்' அவர்கள் எழுதியதை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்துவிட்டுப் பதில் எழுதுகிறேன். பன்னிரண்டாவது தாளுக்காக வருந்திய நான், பதினொரு பேரும் ஏன் ஒரே கைடுக்குப் போனார்கள் என்று கேட்கவே இல்லை. எங்கள் துறை நூலகத்தில் ரயத்துவாரி பற்றிய பாடநூலின் படிகள் எத்தனை என்று நேற்றுப் போய்ப் பார்த்தேன். இரண்டு, அவற்றில் ஒன்றைச் சென்ற ஆண்டு நான் எடுத்து வந்து இன்னும் திருப்பித் தரவில்லை. இன்று காலை கொடுத்துவிட்டேன்.

மேலைக்கரை அவர்கள் சொன்ன இருபது பக்கக் கணக்கையும் நானும் சக ஆசிரியர் ஒருவரும் எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் வைத்துப் பார்த்தோம். ஒரு பருவத்தில் ஐந்து பாடங்கள், பாடத்துக்கு இரண்டு அசைன்மெண்ட், ஒவ்வொன்றும் நான்கு பக்கம். ஆகப் பருவத்துக்கு நாற்பது பக்கங்கள் எழுதுகிறார்கள். ஆனால் பாடம் ஒன்றுக்கு எட்டுப் பக்கம்தான்; ஒரு பாடத்தில் இருபது பக்கம் என்ற அளவை அது எட்டவில்லை. அந்தப் பக்கங்களிலும் மதிப்பெண்ணும் கையொப்பமும் தவிர ஆசிரியரின் கையால் எழுதிய ஒரு வாக்கியமாவது உள்ள பக்கம் எது என்று தேடினோம். முப்பத்தாறு மாணவர்களின் கட்டுகளில் மூன்று பக்கங்கள் அகப்பட்டன. மூன்றும் ஒரே ஆசிரியருடையவை. மாதச் சம்பளம் தாமதமாக வரும் கௌரவ விரிவுரையாளர் அவர்.

எங்கள் வரிசையை இப்படி அமைத்திருக்கிறோம். ராதாகிருஷ்ணன் ஆணைய அறிக்கையில் தேர்வுகளைப் பற்றிய அத்தியாயத்தை முதலில் படிக்கிறோம். இணையத்திலிருந்து எடுத்து எட்டுப் படிகள் நகலெடுத்தாயிற்று. அடுத்த மாதம் நாயக்கின் முக்கோணம், அதன்பின் ஆரம், ராக்ஸா நூலையும் போவென் குழுவினரின் நூலையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்கிறோம். சாட்லர் தொகுதிகளிலிருந்து ஆசிரியர்களின் சாட்சியங்களை ஆளுக்குப் பத்துப் பக்கம் என்று பிரித்துக்கொண்டு விடுமுறையில் படிக்கப் போகிறோம். நியூஃபீல்டின் நூல் விலை அதிகமாக இருப்பதால் எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு படி வாங்குகிறோம்.

நூலகர் ஐயா அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாயக்கின் 1982ஆம் ஆண்டு நூல் எங்கள் பக்கத்து நூலகங்களில் இல்லை. தாங்கள் அறிந்த நூலகம் எதிலாவது படி இருந்தால் தெரிவியுங்கள். நேரில் வந்து வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.